நான்கு ராட்சதக் கோள்கள்: பிள்ளைகளுக்கு ஒப்பிடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

'வியாழனையும் சனியையும் ஒப்பிடுக' என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்: 'வியாழன் மிகப் பெரிய கோள். சனிக்கு அழகான வளையங்கள் உண்டு.' இரண்டுமே உண்மை. ஆனால் ஒப்பீடு எங்கே? ஒன்றின் பருமனைச் சொல்லிவிட்டு மற்றொன்றின் வளையத்துக்குத் தாவியாகிவிட்டது. ஒரே கேள்வியை இரண்டு கோள்களிடமும் கேட்கப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு மணி நேரமும், பழைய செய்தித்தாளும், கவராயமும், கத்தரிக்கோலும், கொஞ்சம் நூலும் போதும்.

படி 1: வட்டம் வெட்டுங்கள்

பூமியை 1 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக வைத்துக்கொண்டால் வியாழன் 11.2 செ.மீ., சனி 9.4 செ.மீ., யுரேனஸ் 4 செ.மீ., நெப்டியூன் 3.9 செ.மீ. வரும். கவராயத்தை இதில் பாதி அளவுக்குத்தான் விரிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறந்தால் வியாழன் செய்தித்தாளில் பாதியை விழுங்கிவிடும். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு மில்லிமீட்டர், கையால் வெட்டும்போது காணாமல் போகும். போகட்டும். 'இரண்டும் ஒரே அளவுதானே' என்று பிள்ளைகள் சொல்வது அடுத்த படிக்கு நல்லது.

படி 2: நிறையை ஊகிக்கச் சொல்லுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உயிரே இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள். வட்டங்களை நிறைப்படி வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பருமன் வரிசையிலேயே அடுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்தின் பின்புறமும், அந்தக் கோளின் நிறை எத்தனை பூமிகளுக்குச் சமம் என்று எழுதச் சொல்லுங்கள்: வியாழன் 318, சனி 95, யுரேனஸ் 14.5, நெப்டியூன் 17.

கடைசி இரண்டும் இடம் மாற வேண்டும். நெப்டியூன் சற்றே சிறியது, ஆனால் நிறை கூடியது. அந்த 'ஆனால்' பிள்ளையின் வாயிலிருந்தே வரும்வரை காத்திருங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து வியாழனையும் சனியையும் பாருங்கள். விட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. நிறையிலோ மூன்று மடங்குக்கு மேல். இரண்டும் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவைதான். ஆனால் வியாழனின் ஈர்ப்பு விசை தன் வாயுவையே இறுக்கி அழுத்தி வைத்திருக்கிறது. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. 'அப்படியென்றால் சனி மிதக்குமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். அதைப் போடுகிற அளவுக்குத் தொட்டி கிடையாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

படி 3: நூலில் முடிச்சுப் போடுங்கள்

சூரியனிலிருந்து பூமி 10 செ.மீ. தூரம் என்றால், வியாழன் 52 செ.மீ., சனி 96 செ.மீ., யுரேனஸ் 1.92 மீட்டர், நெப்டியூன் 3 மீட்டர். முடிச்சுப் போட்டதும் சூரியனைச் சுற்றிவர ஆகும் காலத்தையும் அங்கேயே ஒட்டிவிடுங்கள்: சுமார் 12, 29, 84, 165 ஆண்டுகள். 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூன், அதன்பின் தன் முதல் சுற்றை முடித்தது 2011இல்தான்.

படி 4: வென்படம் வரையுங்கள்

நான்கையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள், இரண்டிரண்டாகப் போதும். வியாழன், சனி இரண்டுக்கும் ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள் வரைந்து, 'வளையம் உண்டு' என்ற சீட்டைக் கையில் கொடுங்கள். நேராகச் சனியின் பக்கம் போகும். வைக்கட்டும். பிறகு நான்கு கோள்களுக்குமே வளையங்கள் இருப்பதைச் சொல்லுங்கள். சீட்டு நடுவுக்கு நகரும். 'பளிச்சிடும் பனி வளையம்' என்ற புதுச் சீட்டு சனிக்குப் போகும், 'மங்கலான தூசி வளையம்' வியாழனுக்கு. ஒற்றுமைக்குள்ளேயே ஒரு வேற்றுமை ஒளிந்திருப்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

யுரேனஸ், நெப்டியூன் படத்தில் நிறத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. பல புத்தகங்களில் நெப்டியூன் அடர்நீலமாக இருக்கும். வாயேஜர் 2 விண்கலம் எடுத்த படங்களில் மேகங்கள் தெளிவாகத் தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியதால் வந்த வினை அது. உண்மையில் இரண்டுமே வெளிர் பச்சை கலந்த நீலம். நெப்டியூன் ஒரு துளி கூடுதல் நீலம். இரண்டின் வளிமண்டலத்திலும் உள்ள மீத்தேன் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே காரணம். வேற்றுமை வேண்டுமென்றால் அச்சைப் பாருங்கள்: நெப்டியூன் 28 பாகை சாய்ந்திருக்கிறது, யுரேனஸ் 98 பாகை சாய்ந்து படுத்தேவிட்டது.

படி 5: மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கோளின் பெயரை மட்டும் விரலால் மறையுங்கள். 'யுரேனஸைவிட நெப்டியூனின் நிறை அதிகம்' என்பதில் எந்தப் பெயரை மறைத்தாலும் வாக்கியம் நொண்டும், அது ஒப்பீடு. 'சனிக்கு அழகான வளையங்கள் உண்டு' என்பதில் மறைப்பதற்கு இரண்டாவது பெயரே இல்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிடாமல், பக்கத்தில் 'வியாழனுக்கு?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.