வீட்டு உபுண்டுவில் மைன்கிராஃப்ட் சர்வர்: ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட் போதும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ நடத்தும் சர்வரில் போய் விளையாடுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், ஃபயர்வாலில் (கம்ப்யூட்டருக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று பார்க்கும் காவல்காரர்) அநேகமாக எதையுமே திறக்க வேண்டாம். கேம் உங்கள் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறது, அதற்கு வரும் பதில் எது, அழைக்காமல் வந்து கதவைத் தட்டுவது எது என்று லினக்ஸ் கர்னலே (உபுண்டுவின் மையப் பகுதி) குறித்துவைத்துக்கொண்டு பதிலை மட்டும் உள்ளே விடும். ஃபயர்வாலை அணைத்தால் பிங் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் தாமதம்) குறையும் என்று சொல்பவர்களிடம், வீட்டில் வேறு யாராவது பெரிய ஃபைல் ஏதும் அப்லோட் செய்கிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள். பாதி நேரம் அதுதான் காரணம், மீதி நேரம் வைஃபை.

சர்வரே உங்கள் வீட்டில் ஓடினால்தான் கதை மாறும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து விளையாட, பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் 2008இல் வந்த 8.04 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். கட்டளை அடிக்கப் பயமாக இருந்தால் அதற்கு ஜன்னல் முகம் ஒன்று உண்டு, பெயர் ஜியூஎஃப்டபிள்யூ, அதாவது முன்னால் ஒரு ஜி. சாஃப்ட்வேர் கடையில் தேடி நிறுவுங்கள். திறந்ததும் புரொஃபைல் என்ற இடத்தில் ஹோம் வைத்து, ஸ்டேட்டஸ் பட்டனைத் தள்ளி, இன்கமிங் டினை, அவுட்கோயிங் அலவ் என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே வருவதற்குத் தடை, வெளியே போவதற்கு அனுமதி, அவ்வளவுதான்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் வேறு அறையிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்க உதவும் வழி) வழியாக நுழையும் பழக்கம் இருந்தால், அதற்கான 22ஆம் போர்ட்டை (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் போட்ட கதவு) முதலில் அனுமதித்துவிட்டுத்தான் ஃபயர்வாலை இயக்க வேண்டும். நான் அதை மறந்துவிட்டு, மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன். அனுமதிக்கும்போதும் ஊருக்கே திறக்காதீர்கள். அட்வான்ஸ்டு டேபில் ஃப்ரம் என்ற கட்டத்தில் 192.168.1.0/24 என்று உங்கள் வீட்டு நெட்வொர்க்கை மட்டும் போடுங்கள் (உங்கள் ரூட்டரில் எண் வேறாக இருக்கலாம்).

இப்போது கேமுக்கான விதி. ரூல்ஸ் பக்கத்தில் கூட்டல் குறியை அழுத்தி, சிம்பிள் டேபில் அலவ், இன், டிசிபி, 25565 என்று கொடுத்துச் சேருங்கள். மைன்கிராஃப்ட்டின் இன்னொரு பதிப்பான பெட்ராக் என்றால் யூடிபி, 19132. டிசிபி, யூடிபி இரண்டுக்கும் சேர்த்து போத் என்று போடச் சோம்பேறித்தனம் சொல்லும், வேண்டாம், தேவைப்படுவதை மட்டும் திறந்தால் போதும். பட்டியலில் ஒரே விதி இரண்டு வரியாகத் தெரிந்தால் குழம்பாதீர்கள், இரண்டாவது வரி ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிகளுக்கானது.

அப்புறம் சர்வரை ஓடவிட்டு ரிப்போர்ட் பக்கத்தைத் திறங்கள். ஜாவா 25565இல் காத்திருப்பது அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சர்வரே எழவில்லை, ஃபயர்வாலைத் திட்டிப் பயனில்லை. தெரிந்தால், வீட்டிலேயே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சர்வரின் 192.168 முகவரியைப் போட்டு நுழைந்து பாருங்கள். உள்ளே போய்விட்டால் லினக்ஸ் பக்கத்து வேலை முடிந்தது.

மீதி ரூட்டரில். சர்வருக்கு எப்போதும் ஒரே உள் முகவரி கிடைக்கும்படி டிஹெச்சிபியில் (வீட்டுக் கருவிகளுக்கு ரூட்டர் முகவரி கொடுக்கும் வசதி) ஒதுக்கிவிட்டு, போர்ட் ஃபார்வர்டிங்கில் 25565ஐ அந்த முகவரிக்குத் திருப்புங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுவதையும் தொலைத்தது இங்கேதான். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்து வெளி முகவரியைப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை, ஃபயர்வால் விதிகளை மூன்று முறை அழித்து எழுதினேன். கடைசியில் பார்த்தால் உள்ளிருந்து கிளம்பிப் போகும் இணைப்பைத் திரும்ப உள்ளேயே விட என் ரூட்டருக்குத் தெரியாது, சில ரூட்டர்கள் அப்படித்தான். லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்ததும் முதல் முயற்சியிலேயே உள்ளே போனது.

அதிலும் போகவில்லையா? ரூட்டரின் வேன் (WAN, அதாவது இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் உங்களையும் இன்னும் பல வீடுகளையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். நீங்கள் என்ன ஃபார்வர்டு செய்தாலும் வெளியிலிருந்து வருவது உங்கள் ரூட்டர் வரை வந்தே சேராது. பொது முகவரி தருவார்களா என்று அவர்களிடம் கேட்கலாம், இல்லையென்றால் நண்பர்கள் எல்லோரும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னில் (இணையம் வழியாகவே அமையும் தனி நெட்வொர்க்) சேர்ந்துகொள்ளலாம். நாலு பேருக்கு இதுதான் தலைவலி குறைந்த வழி, ரூட்டரில் எதையும் திறக்கவே வேண்டாம்.

போர்ட்டைத் திறந்தே வைப்பதாக இருந்தால் 25565ஐத் தேடி அலையும் பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) நிறைய உண்டு, ஃபயர்வால் அவற்றையும் நண்பர்களையும் பிரித்துப் பார்க்காது, இரண்டுமே அதே கதவில்தான் வரும். ஆகவே நண்பர்களைக் கூப்பிடும் முன் சர்வரின் கன்சோலில் வொயிட்லிஸ்ட்டை (பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் வசதி) இயக்கி, அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பெயரையும்தான்.