ஊர் லைப்ரரிய டிஜிட்டல் ஆக்கப் போறீங்களா, சாஃப்ட்வேர தொடுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

திருமங்கலம் பக்கம் ஒரு வாசகசாலை, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தர் சேத்து வச்ச புத்தகம் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கு, அத கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்னு நான் வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். காலேஜ் பசங்க ரெண்டு பேர கூட்டிக்கிட்டு போயி எக்செல்ல கடகடன்னு அறுநூறு புத்தகம் அடிச்சிட்டோம். பெருமையா காட்டுறப்ப வாத்தியார் கேட்டாரு, "தம்பி, ஔவையார் புத்தகம் எத்தனை இருக்குன்னு பாருப்பா." தட்டுனேன், நாலு வந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லாம அலமாரியக் கை காட்டுனாரு, எண்ணுனா பதினொண்ணு.

மிச்சம் ஏழு எங்க போச்சுன்னா, ஒரு பையன் ஔ-ன்னு ஒரே எழுத்தா அடிச்சிருக்கான், இன்னொருத்தன் ஒ-வும் ள-வும் சேத்து ஒளவையார்னு அடிச்சிருக்கான். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு அது வேற இது வேற. கெளரி, பெளத்தம் எல்லாத்துலயும் இதே கூத்துதான். அதவிட மோசம் துணைக்கால் இருக்க வேண்டிய எடத்துல ர போடுறது, பாண்டியர் அங்க பரண்டியர் ஆயிருப்பாரு, எழுத்து பொடிசா இருந்தா நாலு தடவ பாத்தாலும் தெரியாது.

அதனால மொத வேலை, ஒரு நோட்டு. நம்ம ஊரு நூலக அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1934-லயே கேட்டலாக் போடுறதுக்குன்னு தனியா ஒரு விதிப் புத்தகம் எழுதுனாரு, நம்ம என்னடான்னா விதியே இல்லாம மூவாயிரம் புத்தகத்துல எறங்குறோம். உங்க அலமாரியில இருந்து கலந்து கட்டி அம்பது புத்தகம் எடுங்க, பழசு, புதுசு, மொழிபெயர்ப்பு, உரை, அட்டை கிழிஞ்சது எல்லாம் இருக்கணும், ரெண்டு பேர் தனித்தனியா அடிங்க, அப்பறம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்கெங்க ரெண்டு பேரும் வேற வேற மாதிரி அடிச்சிருக்கீங்களோ அங்க ஒரு விதி வேணும்னு அர்த்தம், அத நோட்டுல எழுதுங்க. எங்களுக்கு மொத நாள்லயே முப்பது விதி தேறுச்சு.

எழுத்து யூனிகோடுல, அதாவது எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையில மட்டும்தான் இருக்கணும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச லிஸ்ட்டு யாராச்சும் கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோங்க, ஆனா மாத்துன பெறகு வரி வரியா படிச்சுப் பாக்கணும். மதுரைத் திட்டம்னு 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சாங்கல்ல, பழைய தமிழ் நூல்கள நெட்ல ஏத்துறது, அவங்களே டிஸ்கிங்கிற பழைய எழுத்து முறையில போட்டத பின்னாடி யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டி வந்துச்சு. (பேருதான் மதுரை, வேலை பாத்தது உலகம் பூராவும் இருக்கிற தமிழாளுங்க.) 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புத்தகத்துல ணை, லை, றா எல்லாம் பழைய வடிவத்துல இருக்கும், அதுக்குப் பயப்பட வேணாம், யூனிகோடுல எழுத்து ஒண்ணுதான், வடிவம்தான் வேற, எப்பயும் போல அடிங்க.

ஆசிரியர் பேருலதான் ரொம்ப நேரம் போகும், போகணும். வெளிநாட்டுக்காரன் செஞ்ச சாஃப்ட்வேரு எல்லாம் 'கடைசிப் பேரு' கேக்கும், நமக்கு ஏது கடைசிப் பேரு, அப்பா பேரத் தூக்கி அங்க போட்டா புத்தகமெல்லாம் அப்பா பேருல நிக்கும். நாங்க வச்ச விதி: பேரு மொதல்ல, ஒரு கமா, அப்பறம் இனிஷியல். இனிஷியலு அட்டையில மு.-ன்னு இருந்தா மு., எம்.-ன்னு இருந்தா எம்., ஆனா ஒரே ஆளு ரெண்டு விதமா போட்டிருந்தா ஒண்ணத் தலைப்பா, அதாவது லிஸ்ட்டுல நிக்கிற பேரா வச்சுட்டு மத்தத 'இதப் பாருங்க'ன்னு அதுக்குத் திருப்பி விடணும். புனைபேரும் அப்படித்தான், சுஜாதாவத் தேடுறவன் சுஜாதான்னுதான் தட்டுவான், எஸ். ரங்கராஜன்னு தட்டுறவன் ஆயிரத்துல ஒருத்தன், அவனையும் அங்கயே கொண்டு போயி விடணும், ஆனா தலைப்பு சுஜாதாதான். கல்கின்னா ஆளா பத்திரிகையான்னு வேற பிரச்சனை, ரெண்டுக்கும் தனித்தனி தலைப்பு. முடிஞ்சா ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல விக்கிடேட்டா நம்பர (நெட்ல ஒவ்வொரு ஆளுக்கும் தனியா கொடுத்திருக்கிற அடையாள எண்ணு) எழுதி வச்சுக்கோங்க, நாளைக்கு உங்க லிஸ்ட்ட வேற லைப்ரரியோட சேக்கிறப்ப அந்த நம்பர்தான் காப்பாத்தும்.

தலைப்ப உள்பக்கத்துல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, கோவில்னு இருந்தா கோவில், மதுரைக் கோயில்ல க் விட்டுப் போயிருந்தாலும் அப்படியே. வாத்தியாருக்கு இதுல கோவம், சந்திப்பிழையோட எப்படிப்பா ஏத்துறதுன்னு ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில சமாதானம் ஆனது எப்படின்னா, அச்சுல இருக்கிறது தலைப்பு எடத்துல, திருத்துனது 'வேறு தலைப்பு' எடத்துல, தேடுனா ரெண்டுலயும் வரும்.

பழைய புத்தகத்துல வருஷம் ஒரு தலைவலி. 'கர வருஷம்'னு மட்டும் போட்டிருக்கும், அது 1891-ல ஒண்ணு, 1951-ல ஒண்ணு, 2011-ல ஒண்ணு வந்துச்சு, அறுபது வருஷத்துக்கு ஒருக்கா சுத்துது. காகிதம், அச்சு, விலை அணாவுல இருக்கா நயா பைசாவுல இருக்கா, இதப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், முடிவு பண்ணுனது நம்மன்னு தெரியுறதுக்கு சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுங்க, சந்தேகம்னா கேள்விக்குறியும் சேத்து. அட்டையில இருக்கிற 'கர'வ அழிச்சுடாதீங்க, குறிப்புல போட்டு வைங்க. திருவள்ளுவர் ஆண்டுன்னா சுலபம், 31 கழிச்சாப் போதும்.

அப்பறம் பொருள் தலைப்பு, புத்தகம் எதப் பத்தினதுன்னு சொல்றது. ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, ஏறுதழுவுதல் மூணையும் ஒண்ணாக்கிடலாம்னு பையன் சொன்னான். அலங்காநல்லூர்ல போயி வாடிவாசல்ல நின்னுக்கிட்டு இத மஞ்சுவிரட்டுன்னு சொல்லிப் பாருடான்னேன். மஞ்சுவிரட்டு மாட்டத் திறந்தவெளியில அவுத்து விடுறது, ஆட்டமே வேற, அதனால தனித் தலைப்பு, 'இதையும் பாருங்க'ன்னு ஒரு இணைப்பு. ஏறுதழுவுதல் சங்கப் பாட்டு பத்தின புத்தகத்துக்கு. டியூயி எண்ணு (புத்தகத்தப் பொருள்வாரியா அடுக்குற எண்ணு) போடுறவங்க தமிழ் இலக்கியம்னு 894.811-ல எல்லாத்தையும் கொட்டிடாதீங்க, கவிதைக்கு 894.8111, கதை நாவலுக்கு 894.8113, இந்த அளவாச்சும் பிரிச்சாத்தான் அலமாரியில கை போகும்.

ஒரே நூலு அச்சுலயும் இருக்கு, பிடிஎஃப்பாவும் இருக்கு, ஆடியோவாவும் இருக்குங்கிறதுதான் இந்தக் காலத்துப் புதுச் சிக்கல். இதுக்கு உலக நூலகக் கூட்டமைப்புக்காரங்க (இஃப்லா) 1998-லயே ஒரு வழி சொல்லி வச்சிருக்காங்க, நாலு அடுக்கு. திருக்குறள எடுத்துக்கோங்க, குறள்ங்கிறது படைப்பு, அதோட தமிழ் மூலம் ஒரு வடிவம், போப்போட இங்கிலீஷு இன்னொரு வடிவம், அதுல ஒரு பதிப்பகம் ஒரு வருஷம் போட்டது பதிப்பு, நம்ம அலமாரியில மூலை மடிஞ்சு இருக்கிறது பிரதி. பிடிஎஃப்ப அச்சுப் புத்தகத்தோட வரியிலயே திணிக்காதீங்க, தனிப் பதிவு போட்டு மேல படைப்புல சேத்து விடுங்க. காப்புரிமை இருக்கிறத ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் விடாதீங்க, அதுக்கும் ஒரு கட்டம் வைங்க, திறந்தது, லைப்ரரிக்குள்ள மட்டும், மூடினதுன்னு.

இம்புட்டும் நோட்டுல ஏறுன பெறகு சாஃப்ட்வேரு. மூவாயிரம் புத்தகம், ஆள் போட முடியும்னா கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேரு, நியூசிலாந்துல ஒரு சின்ன ஊரு லைப்ரரிக்காக 1999-ல செஞ்சது, காசு கிடையாது. அதுல மார்க் (MARC) நம்பருங்க வரும், எந்த விவரம் எந்தக் கட்டத்துலன்னு சொல்றது, 100 ஆசிரியர், 245 தலைப்பு, 246 வேறு தலைப்பு, 650 பொருள், 880-ல இன்னொரு எழுத்துல இருக்கிறது. பத்து நாள்ல பழகிடும். அது பெருசுன்னு தோணுனா டப்ளின் கோர்னு ஒரு எளிய விவரப் பட்டியல், பதினஞ்சு கட்டம்தான், எக்செல்லயே போடலாம், பின்னாடி மாத்திக்கலாம். ஆர்டிஏ, பிப்ஃப்ரேம்னு புது கேட்டலாக் முறைப் பேரச் சொல்லி யாராச்சும் மிரட்டுனா தலையாட்டிட்டு வாங்க, விதி ஒழுங்கா இருந்தா எதுக்கு வேணாலும் மாத்தலாம்.

ரெண்டு விஷயம் செட்டிங்ல பாருங்க. அகரவரிசை சரியா வருதான்னு, ஏன்னா யூனிகோடு நம்பர் வரிசையில ற ல-வுக்கு முன்னாடி, ழ வ-வுக்கு முன்னாடி, ன ந-வுக்கு அடுத்து வந்து நிக்கும், தமிழ் வரிசைக்கு தனியா சொல்லிக் கொடுக்கணும். இன்னொண்ணு வாரா வாரம் முழு லிஸ்ட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி ரெண்டு பென்டிரைவ்ல, ஒண்ணு வேற வீட்டுல.

திறக்கிறதுக்கு முன்னாடி உங்க கூட வேலை பாக்காத ஆளுங்கள உக்கார வச்சுத் தேடச் சொல்லுங்க, நீங்க பின்னாடி நின்னு வாய மூடிக்கிட்டுப் பாக்கணும். மதுரை நத்தம் ரோட்டுல 2023 ஜூலை 15 திறந்த பெரிய லைப்ரரி, கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிட்டு வந்த பொண்ணு ஒண்ணு, இங்கிலீஷ் எழுத்துல தமிழத் தட்டுச்சு, ஒண்ணும் வரல. "என்னண்ணே, உங்களதுல ஔவையாரே இல்லையா"ன்னுச்சு. அன்னைக்கு ராத்திரி நோட்டுல முப்பத்தி நாலாவது விதி ஏறுச்சு, ஒவ்வொரு பேருக்கும் இங்கிலீஷ் எழுத்துலயும் ஒரு 'இதப் பாருங்க'.