நம் போன் நம்பரைக் கொடுக்காமலே வேட்பாளரைத் தெரிந்துகொள்வது எப்படி?

தக்கலை பக்கம் சித்தி வீட்டில் ஒரு தேர்தல் சமயத்தில் நடந்தது இது. ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். டேப்லெட்டோடு இரண்டு பையன்கள் வந்து, "அம்மா, வாக்காளர் அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்கள். எடுத்துக் காட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போன் நம்பர் கேட்டார்கள், சொன்னார். "இப்ப ஒரு ஓடிபி வரும், அதையும் சொல்லுங்க." ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதையும் வாசித்துச் சொன்னார். சித்தி அந்தக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார் என்பது, நான் போய்ப் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் வேட்பாளரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, போஸ்டரில் இருந்த முகமும் சின்னமும் மட்டும்தான்.

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. தன் விவரங்களைத் திறந்து காட்ட வேண்டியவர் ஓட்டுக் கேட்டு வருகிறவர். வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் வழியைச் சொல்கிறேன்.

படி 1: பிரமாணப் பத்திரத்தை எடுங்கள்

வேட்பாளர் தன் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பதுதான் பிரமாணப் பத்திரம். போன் பிரவுசரில் தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்துக்குப் போங்கள். முகவரி: அஃபிடவிட் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன். ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட வேண்டாம். நம் போன் நம்பரோ ஓடிபியோ இதற்குத் தேவையில்லை. கேட்டால், நீங்கள் வேறு எங்கோ போயிருக்கிறீர்கள்.

தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். விளவங்கோட்டுக்காரர்கள் கவனிக்க: 2024 ஏப்ரல் 19 அன்று உங்களுக்கு மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அதன் பத்திரங்களை இடைத்தேர்தல் என்ற தலைப்பில் தேட வேண்டும்.

ஒரே வேட்பாளர் பெயர் மூன்று நான்கு தடவை வந்தால் குழம்ப வேண்டாம். ஒருவரே பல செட் வேட்புமனு போடுவது வழக்கம். ஏற்கப்பட்ட மனுவைத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: எதை முதலில் படிப்பது?

இந்தப் பிரமாணப் பத்திரத்தின் பெயர் படிவம் 26. பக்கக் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். நான் முதலில் வழக்குப் பகுதிக்குப் போவேன். எந்தக் காவல் நிலையம், என்ன பிரிவு, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்று அதில் இருக்கும். வழக்கு என்ற சொல்லைக் கண்டதுமே ஆளை ஒதுக்கிவிடாதீர்கள், பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, 188 என்றால் அரசு உத்தரவை மீறியது. மறியலுக்குப் போனவர்கள் மேல் பெரும்பாலும் இவைதான் வரும். 420 மோசடி, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும்: புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடி 318, கொலை முயற்சி 109. வழக்கு இருப்பதும் தண்டனை பெற்றதும் ஒன்றல்ல. தண்டனைக்குத் தனிப் பகுதி உண்டு, அதைத் தவறாமல் பாருங்கள்.

அடுத்து சொத்து. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பத்து வருடம் முன்பு வாங்கிய முப்பது சென்ட் நிலம், ரோடு வந்ததால் விலை ஏறியிருக்கலாம், அதில் தப்பில்லை. வாங்கிய தேதியைப் பாருங்கள். போன தடவை நின்றவர் என்றால் அப்போதைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வாங்கியது என்ன, அவரும் மனைவியும் அல்லது கணவரும் காட்டிய கடைசி ஐந்து நிதியாண்டு வருமானம் அதற்குப் போதுமா? நிலத்தின் சர்வே எண்ணும் அதிலேயே இருக்கும். அதைப் பதிவுத்துறைத் தளத்தில் போட்டால் வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசு குறித்துவைத்த நில விலை, தெரியும்.

எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இல்லாததற்கு 'இல்லை' என்று எழுதியே ஆக வேண்டும். பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், இல்லை இரண்டுமே.

படி 3: வீட்டு வாசலில்

வருகிறவர் கையில் வாக்காளர் பட்டியல் ஏற்கெனவே இருக்கும். உங்கள் பெயர், வயது, வீட்டு எண், அட்டை எண் எல்லாம் அதில் உண்டு. அதில் இல்லாதது உங்கள் போன் நம்பர். வீடுவீடாக அலைவது பெரும்பாலும் அதற்காகத்தான். கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓடிபி என்றால் பேச்சே கிடையாது.

"இந்தப் படிவத்தை நிரப்பினால் ஜெயித்ததும் உதவித்தொகை" என்று யாராவது சொன்னாலும் நிரப்பாதீர்கள். சர்வே என்ற பெயரில் இப்படிப் பதிவு செய்வதை நிறுத்தச் சொல்லி 2024 மே 2 அன்று தேர்தல் ஆணையமே கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்குக் கூப்பிடுங்கள். ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

நேரில் வேட்பாளரே வந்தால் ஒன்று கேளுங்கள்: "உங்க ஆட்கள் வாங்கிட்டுப் போன நம்பரெல்லாம் தேர்தல் முடிஞ்சதும் எங்க இருக்கும், யார் கையில இருக்கும்?" அந்தப் பதிலிலேயே ஆளை எடைபோடலாம்.

படி 4: வாட்ஸ்அப்பில் ஒரு பூட்டு

அமைப்புகள், தனியுரிமை, குழுக்கள். 'எல்லோரும்' என்று இருப்பதை 'எனது தொடர்புகள்' என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். அப்புறம் முன்பின் தெரியாதவர்கள் உங்களை நேரடியாகக் குழுவில் இழுத்துப் போட முடியாது.

சித்தி போனில் இதைச் செய்துகொடுத்தேன். அடுத்த தேர்தலில் பையன்கள் வந்தபோது வாசலிலேயே கேட்டாராம்: "நம்பர் எதுக்கு மக்களே? நோட்டீஸ் இருந்தா வச்சிட்டுப் போங்க, நான் வாசிச்சுப் பாக்கேன்."