பரந்தனில் எழுதிய சிமுலேற்றர்: எழுதுவதும் திறந்து விடுவதும்

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவள். இப்போது பரந்தனில் வீட்டிலிருந்தே வேலை. பின்னேரங்களில் அயலிலுள்ள பிள்ளைகள் கணினி படிக்க வருவார்கள். ப்ரொசெஸருக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்டத்தான் சிமுலேற்றர், அதாவது ப்ரொசெஸர் செய்வதை அப்படியே செய்து காட்டும் ஒரு நிரல், எழுதத் தொடங்கினேன். நீங்களும் எழுத நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டது உதவட்டும்.

ஜெம்5 என்ற பெரிய திறந்த சிமுலேற்றர் மாதிரி எல்லாம் செய்கிற ஒன்றை எழுதப் பார்க்காதீர்கள். அது பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வளர்த்தது. ரிஸ்க்-ஃபைவ் என்பது ப்ரொசெஸருக்கான ஒரு திறந்த கட்டளைத் தொகுதி. அதன் அடிப்படைப் பகுதியான ஆர்வி32ஐ போதும். 40 கட்டளைகள், 32 ரெஜிஸ்டர்கள் (ப்ரொசெஸருக்குள்ளேயே எண்களை வைத்திருக்கும் சிறு இடங்கள்), ஒவ்வொரு கட்டளையும் 32 பிட். ஆவணம் இலவசம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கட்டளையை எடு, பிரித்துப் பார், செய்: இந்த மூன்றும் ஒரு லூப்புக்குள் சுற்றினால் சிமுலேற்றர் ஓடும். எக்ஸ்0 ரெஜிஸ்டர் எப்போதும் பூச்சியம் என்பதால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதைப் பூச்சியமாக்கிவிடுங்கள்.

பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மாரியில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை இங்கே எல்லோரும் அடிக்கணக்கில்தான் கதைப்பார்கள். அப்படிப் பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் நிரல்தான் என் முதல் பரிசோதனை. நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவச் சொல்பவை கிளைக் கட்டளைகள். முன்னுக்குத் தாவுபவை எல்லாம் சரியாக ஓடின. லூப் முதல் தடவை பின்னுக்குத் தாவியதும் நொறுங்கியது. இரண்டு இரவு தேடினேன். 16 பைட் பின்னுக்குப் போக வேண்டியது 15 பைட் போய் நின்றிருந்தது. ஸ்டோர் கட்டளையை (ரெஜிஸ்டரில் இருப்பதை மெமரியில் எழுதுவது) பிரிக்கும் நிரல் வரிகளையே கிளைக் கட்டளைக்கும் பாவித்திருந்தேன். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கட்டளையின் 7ஆம் பிட் (0இலிருந்து எண்ணினால்), ஸ்டோரில் தூரத்தின் கடைசிப் பிட். கிளையில் தூரம் எப்போதும் இரட்டை எண் என்பதால் அந்தக் கடைசிப் பிட் தேவைப்படாது. அதன் இடத்தில் தூரத்தின் 11ஆம் பிட்டை வைத்திருக்கிறார்கள். சிறிய நேர் எண்ணில் அது 0, அதனால் பிழை வெளியே தெரியாது. சிறிய எதிர் எண்ணில் அது 1.

அதற்குப் பிறகு என் கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். ஸ்பைக் என்ற திறந்த சிமுலேற்றர் இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவுக்கு அதைத்தான் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் எந்த ரெஜிஸ்டரில் என்ன எழுதப்பட்டது என்று அது பதிவு தரும். உங்கள் சிமுலேற்றரும் அதே வடிவில் பதிவு எழுதட்டும். இரண்டையும் டிஃப் என்ற ஒப்பிடும் கருவியில் போட்டு, முதலில் வேறுபடும் வரியை மட்டும் பாருங்கள். ஸ்பைக்கின் தொடக்க வரிகள் ஹெக்ஸ் 1000 என்ற மெமரி முகவரியில் இருக்கும் பூட் கோடுக்குரியவை (உங்கள் நிரலுக்கு முன் ஓடும் தொடக்க நிரல்), அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் கேஷ், அதாவது மெமரியிலிருந்து எடுத்ததை ப்ரொசெஸருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சிறிய, வேகமான இடம். கேட்டது அதில் இல்லாவிட்டால் அது ஒரு மிஸ். இதற்குக் கையால் கணக்குப் பார்க்கக்கூடிய பரிசோதனை வையுங்கள். 1024க்கு 1024 முழு எண் அணி (ஓர் எண் 4 பைட்), 64 பைட் கேஷ் வரி, பழையதை முதலில் வெளியேற்றும் 32 கேபி கேஷ். ஒரு வரியில் 16 எண்கள் அடங்கும். கிடையாக வாசித்தால் சரியாக 65,536 மிஸ் வரவேண்டும். நெடுக்காக வாசித்தால் ஒவ்வொரு வாசிப்பும் மிஸ், அதாவது 10,48,576. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிரலில் பிழை. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளுக்குக் காட்டியபோது ஒருவரும் நான் சொல்லி நம்பவில்லை, தாங்களே கொப்பியில் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சரி, வெளியிடுவது. முதல் நாளே உரிமக் கோப்பைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் கோட் இணையத்தில் கிடந்தாலும் மற்றவர்கள் அதைச் சட்டப்படி எடுத்து மாற்ற முடியாது. நான் எம்ஐடி உரிமம் எடுத்தேன். ஸ்பைக், ஜெம்5 இரண்டும் பிஎஸ்டி உரிமம். க்யூஎம்யூ என்ற இன்னொரு திறந்த மென்பொருளின், ஜிபிஎல் உரிமமுள்ள கோடிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினால் நீங்கள் வெளியிடுவதும் ஜிபிஎல்லின்படிதான் போகவேண்டும்.

வெளியிடுமுன் வேறொருவரின் கணினியில் ஓட்டிப் பாருங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் ஒரு தங்கச்சியிடம் 4 ஜிபி ராம் உள்ள பழைய லாப்டொப், இணையத்துக்குக் கைபேசி ஹொட்ஸ்பொட். பரிசோதனை நிரல்களைக் கொம்பைல் செய்யத் தேவையான கருவிகளை இறக்கவே அவளுடைய ஒரு கிழமை டேற்றா முடிந்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றைக்கே கொம்பைல் செய்த கோப்புகளையும் எதிர்பார்க்கும் பதிவுகளையும் களஞ்சியத்திலேயே சேர்த்தேன். இப்போது இறக்கியவுடன் ஒரே கட்டளையில் எல்லாப் பரிசோதனையும் ஓடும்.

ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் எது இல்லை என்பதை முதலில் எழுதுங்கள். என்னுடையதில் பைப்லைன் இல்லை, இன்ரரப்ட் இல்லை, அது தரும் க்ளொக் சைக்கிள் எண்ணிக்கையை உண்மையான ப்ரொசெஸரின் வேகமாக எடுக்கக்கூடாது. அதன் பின் முதல் பதிப்புக்கு 0.1 என்று டேக் போடுங்கள். யாராவது பிழை என்று எழுதினால் அவர்களுடைய கோப்பையும் முதலில் வேறுபட்ட வரியையும் கேட்டு வாங்குங்கள். திருத்துவதற்கு முன்பே அதைப் பரிசோதனைகளோடு சேர்த்துவிடுங்கள்.