கறிவேப்பிலைச் செடியில் புழுவா? மருந்து அடிக்காதீர்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்

லீவு விட்டதும் பிள்ளைகளுக்கு என்று பிளாஸ்டிக் பூச்சி பொம்மை, ஸ்டிக்கர் புத்தகம் எல்லாம் வாங்குகிறோம். வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சையோ இருந்தால் அந்தச் செலவே தேவையில்லை, உயிருள்ள பூச்சியே தேடி வரும்.

முதலில் கொழுந்து இலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் மஞ்சளில் உருண்டையாக, கடுகை விடச் சிறியதாக ஒரு முட்டை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையது. சில நாளில் புழு வந்துவிடும். சின்னதாக இருக்கும்போது பார்ப்பதற்கு அசல் பறவை எச்சம் மாதிரி இருக்கும், பறவைகள் தின்னாமல் இருக்கத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு நெடியை விடும் (பிள்ளைகள் இதை நாள் முழுக்கச் செய்து பார்ப்பார்கள், ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள், பாவம்).

வளர்ப்பது எளிது. பெரிய டப்பா அல்லது அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், மேலே கொசுவலைத் துணி. கறிவேப்பிலைக் கொத்தைத் தண்ணீர் உள்ள குட்டிப் பாட்டிலில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து செத்துப்போகும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே கூடாது, அதில் மருந்து இருக்கலாம். தினமும் எச்சத்தைக் கொட்டி இலை மாற்றுவது பிள்ளையின் பொறுப்பு. நேர் வெயில் படக் கூடாது. அப்புறம், காய்ந்த குச்சி ஒன்றையும் பச்சைக் காம்பு ஒன்றையும் முன்கூட்டியே சாய்த்து வையுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும், பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக் கூட்டுப்புழுவாகும். எங்கே ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும், எது எந்த நிறம் என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். கூடு கறுத்து உள்ளே இறக்கை தெரிந்தால் மறுநாள் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பல சமயம் காலையில்தான் வெளியே வரும். ஈர இறக்கை காய்ந்து விரியும்வரை தொடவே கூடாது. பிறகு வெளியே விட்டுவிட வேண்டும். சில கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வரும், தாய்க் குளவி உள்ளே இட்ட முட்டையிலிருந்து வளர்ந்தவை. பிள்ளை அழுதாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

செடி இல்லாதவர்களுக்கு எறும்பு இருக்கிறது. சர்க்கரை, தேங்காய்த் துருவல், கருவாட்டுத் துணுக்கு மூன்றையும் ஒரு தாளில் தள்ளித் தள்ளி வைத்து எதற்கு முதலில் கூட்டம் சேர்கிறது என்று பார்க்கலாம். எறும்புச் சாரை போகும் பாதையில் விரலால் ஒரு கோடு தேய்த்தால் எல்லாம் அங்கேயே தடுமாறி நிற்கும், ஏனென்றால் அவை வாசனையைப் பிடித்துத்தான் நடக்கின்றன. மரத்தில் இலைக்கூடு கட்டும் முசுறு பக்கம் மட்டும் போகாதீர்கள், கடி தாங்காது.

ஊருக்குப் போனால் திண்ணை ஓரம், கோயில் மதில் அடி, மழை படாத நைஸ் மண்ணில் புனல் வடிவக் குழிகள் இருக்கும். அடியில் ஒளிந்திருக்கும் புழுதான் குழியானை. ஒரு மண் துகளைப் போட்டால் அடியிலிருந்து மண்ணை வாரி எறியும். மெதுவாக அள்ளி உள்ளங்கையில் வைத்தால் பின்பக்கமாகவே நடக்கும். வளர்ந்தபின் தட்டான் மாதிரி இறக்கையோடு பறக்கப்போவது இதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

நிலா இல்லாத ராத்திரியில் மொட்டை மாடிக் கொடியில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி பின்னால் ஒரு பல்பைப் போட்டுப் பாருங்கள், அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

தட்டானுக்கு நூல் கட்டுவது, பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைப்பது இரண்டையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். கம்பளிப்பூச்சியையும் குளவிக்கூட்டையும் தள்ளி நின்று பார்த்தால் போதும். கல்லைப் புரட்டுவது குச்சியால்தான், அடியில் தேள் இருக்கலாம். புரட்டிய கல்லை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்.