சைக்கிள் ஃபோர்க் பிரேசிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுப் பகுதிகளின் லேத் பட்டறைகளுக்கு எஃகுக் குழாய் புதிதல்ல. ஆயினும் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஓடும்போது ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார் என்பதால், பிற வேலைகளில் பொறுத்துக்கொள்ளும் பிழைகளை ஃபோர்க்கின் பிரேசிங்கில், அதாவது வெள்ளி அல்லது பித்தளைக் கம்பியை உருக்கிக் குழாய்களை இணைக்கும் வேலையில், பொறுக்கக் கூடாது.

பெரும்பாலான கோளாறுகள் நெருப்பு மூட்டும் முன்பே தொடங்கிவிடுகின்றன. வெள்ளிக் கம்பி, குழாய்க்கும், ஃபோர்க் கால்கள் சேரும் தடித்த மேல்பகுதியான கிரவுனுக்கும் இடையே ஏறத்தாழ 0.05 முதல் 0.13 மி.மீ. வரை இடுக்கு இருந்தால்தான் உள்ளே ஓடிப் பரவி முழு வலிமை தரும். இறுக்கமாக அடித்துச் செருகினால் உலோகம் நுழையாது, தளர்வாக விட்டால் விளிம்பு மட்டும் அழகாக மூடிக்கொண்டு உள்ளே வெற்றிடம் நிற்கும். எமரித் தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த கையோடு, சூட்டில் உலோகப் பரப்பு ஆக்ஸைடு ஆகாமல் காக்கும் பசையான ஃப்ளக்ஸைப் பூச வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில், தேய்த்த குழாயை மறுநாளைக்கு என்று வைப்பது வீண் வேலை.

கம்பியின் மீது சுடரைக் காட்டி உருக்குவது அடுத்த தவறு. தடித்த கிரவுனை முதலில் சூடாக்கி, அந்த வெப்பமே கம்பியை உருக்கும்படி செய்ய வேண்டும். 56 சதவீத வெள்ளிக் கம்பிக்கு ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் போதும். பித்தளைக்கு ஏறத்தாழ 900 வேண்டும். வெண்புகை எழுந்தால் துத்தநாகம் ஆவியாகிறது என்று பொருள். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். பழைய வெள்ளிக் கம்பிகளில் சிலவற்றில் உள்ள காட்மியத்தின் புகையோ உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே உறையைப் படிக்காமல் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள்.

ஃபோர்க் கால்களில் காற்றுத் துளை விட மறந்தால், உள்ளே விரியும் காற்று உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். கண்ணாடி போல் இறுகிய ஃப்ளக்ஸை வெந்நீரில் ஊறவைத்து முற்றிலும் நீக்க வேண்டும். மிஞ்சினால் பின்னர் கடையும் கட்டரின் முனையை மழுக்குவதோடு, ஐப்பசி மழைக்காலத்தில் பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும்.

கிரவுன் ரேஸ் (கிரவுனின் மேல் உட்காரும் பேரிங் வளையம்) அமரும் இடத்தை பிரேசிங்குக்கு முன்பே இறுதி அளவுக்குக் கடைந்துவிடுவோர் உண்டு. வெப்பத்தில் அது கோணிவிடும். சிறிது மிகுதி விட்டு, குழாய் ஆறிய பின் கைக்கட்டரால் முடிப்பதே முறை. ஒரு அங்குல ஸ்டீரரில் (கிரவுனிலிருந்து ஹேண்டில் நோக்கி மேலே செல்லும் குழாய்) இந்த இடத்துக்கு 26.4, 27.0 மி.மீ. என இரு அளவுகள் வழக்கில் உள்ளதால், பொருத்தப்போகும் ரேஸை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கால்கள் கோணியிருந்தால் முழுதும் ஆறிய பின்னரே நிமிர்த்த வேண்டும். பித்தளை உருகிய நிலையில் இருக்கும்போது வளைத்தால், அது எஃகின் படிகங்களுக்கிடையே ஊடுருவி, பெயின்டுக்குள் மறையும் விரிசலை உண்டாக்கும்.