ஊர்ப்பெயர் தாங்கிய உணவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியை ஏர்வாடியிலோ கீழக்கரையிலோ பிரித்துப் பார்த்தால், பல பண்டங்களில் ஏதோ ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். இங்கிருந்து திரும்பிப் போகும் பெட்டியிலும் அப்படித்தான்: கீழக்கரைத் தொதல் என்னும் இனிப்பு, ராமநாதபுரம் குண்டு மிளகாய் வத்தல், சாயல்குடிக் கருப்பட்டி. பெயரில் ஊர் இருந்தால் அந்தப் பண்டம் அங்கேதான் விளைந்தது, அங்கேதான் முதலில் செய்யப்பட்டது, இப்போதும் அங்கிருந்துதான் வருகிறது என்று நம்பிவிடுகிறோம். இவை மூன்றும் வெவ்வேறு செய்திகள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் வாங்குகிறவருக்கும் நஷ்டம், பாடுபட்டு விளைவித்தவருக்கும் நஷ்டம்.

விற்ற ஊரை விளைந்த ஊராக எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மோக்கா என்பது ஏமன் நாட்டின் செங்கடல் துறைமுகம். காப்பிச் செடி அந்த வெயில் கரையில் வளரவில்லை, உள்நாட்டு மலைகளில் வளர்ந்தது. மூட்டைகள் அந்தத் துறையில் கப்பலேறியதால் காப்பிக்குத் துறையின் பெயர் வந்தது. இன்று கடையில் மோக்கா கேட்டால் பெரும்பாலும் சாக்லேட் கலந்த காப்பி கிடைக்கும், அது வேறு கதை. நெதர்லாந்தின் கௌடா நகரமும் அந்தப் பாலாடைக்கட்டிக்குச் சந்தைதான். இங்கிலாந்தின் ஸ்டில்டன் கதை இன்னும் விசித்திரமானது. அந்தச் சிற்றூர் சாலையோர விடுதியில் குதிரை வண்டிப் பயணிகளுக்கு விற்றதால் பெயர் பெற்றது ஸ்டில்டன் பாலாடைக்கட்டி. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்வதற்கே இன்று அந்தப் பெயர் உரியது. ஸ்டில்டன் ஊரோ அந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிறது! நம் பக்கமும் பாருங்கள்: ராமேஸ்வரம் கடைத்தெருவில் வாங்கிய கருப்பட்டியை ராமேஸ்வரம் கருப்பட்டி என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பதநீர் எந்தக் கிராமத்துப் பனையில் இறக்கியது என்று கேட்பதே இல்லை. கேளுங்கள். நல்ல வியாபாரி சொல்வார்.

பெயரிலிருக்கும் ஊருக்கே தெரியாத பண்டங்களும் உண்டு. மஞ்சள் நிற அரிசிச் சேவையில் செய்யும் சிங்கப்பூர் நூடுல்ஸ் ஹாங்காங் உணவகங்களின் வழியே பரவியது. அன்னாசி வைத்த ஹவாயன் பீட்சா 1962இல் கனடாவில் பிறந்தது. மாலைக் கடைகளில் விற்கும் மஞ்சூரியனுக்கும் சீனாவின் மஞ்சூரியாவுக்கும் சமையல் உறவு இல்லை. மும்பையில் 1970களில் நெல்சன் வாங் என்ற சமையல் கலைஞர் உருவாக்கியது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு.

தொதல் விஷயத்தில் நாம் எதிர்ப்பக்கம் தவறுகிறோம். கீழக்கரையைத் தவிர உலகில் எங்கும் இது கிடையாது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது கருப்பட்டி சேர்த்து, கை ஓயாமல் கிண்டி இறக்கும் இதே வகை இனிப்பு இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் டோடோல் என்ற பெயரில் இருக்கிறது. கடல் வழியே போய்வந்த மக்கள் வாழும் கரையில் இது இயல்பு. இதனால் கீழக்கரைத் தொதலின் மதிப்பு இம்மியும் குறையாது. அந்தப் பெயர் சொல்வது கைப்பக்குவத்தை. எண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்பருகே நின்று கிண்டும் பொறுமையை. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதே சரி.

உள்ளே இருப்பதைப் பெயரை வைத்து ஊகிப்பதும் ஆபத்து. ஹாம்பர்கரின் பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது, பன்றி இறைச்சியைக் குறிக்கும் ‘ஹாம்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வரவில்லை. ஆனால் அதை வைத்து ஹலால் என்றும் முடிவு செய்ய முடியாது, இறைச்சி எது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். பம்பாய் டக் வாத்து அல்ல, மீன். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் தொடங்கிய வூஸ்டர்ஷயர் சாஸில் நம் புளியும் உண்டு, நெத்திலி இனத்து மீனும் உண்டு. கறுப்பாகப் புளிப்பாக இருக்கிறதே, சோயா மாதிரிதான் என்று சைவர்களுக்குப் பரிமாறிவிடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஊர்ப்பெயர் வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ இத்தாலியின் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா சுற்றுவட்டாரத்தில் செய்து குறைந்தது 12 மாதங்கள் முதிரவைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பார்மிசான் என்ற பெயரும் அதற்கே உரியது. அமெரிக்காவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வெளிநாட்டுக் கடையில் பார்மிசான் டப்பா எடுத்தால், தயாரித்த நாட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நம் குண்டு வத்தலுக்கும் அப்படி ஒரு சட்டக் காவல் இருக்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, பெரும்பாலும் மானாவாரியாக, தண்ணீருக்குத் தவம் கிடக்கும் நிலத்தில் விளைவது இது. ஒரு மழை தப்பினால் குடும்பமே தள்ளாடும். அந்த உழைப்பின் பெயரை வேறு மாநிலத்து வத்தலுக்கு ஒட்டுவது பச்சைத் திருட்டு. உருண்டையாக இருந்தால் ராமநாதபுரம் என்று முடிவு செய்யாதீர்கள், ஆந்திரத்திலும் உருண்டை வத்தல் விளைகிறது. குறியீடு பண்டத்தின் ஊரையும் அந்த ஊரால் வந்த குணத்தையும் காக்கிறது. ஈரமில்லை, பூஞ்சை இல்லை என்று ஒவ்வொரு மூட்டைக்கும் அது சான்று தராது. குலுக்கினால் விதை சலசலக்கிறதா, காம்படியில் கறுப்பு படிந்திருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

விவசாயிகள் பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மாவட்டத்துக்குக் குறியீடு கிடைத்ததும் எல்லார் மூட்டைக்கும் முத்திரை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். முத்திரையைப் பயன்படுத்த, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வழிமுறை தெரியாதவர்கள் மாவட்ட வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். அடுத்த அறுவடைக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.